‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’ என்று தொடங்கும் அத்தியாயம்: ஹொக்கிக் காதல் நாவல்களும் நம் பிள்ளைகளின் மனமும்

கேள்வி: கனடாவின் பிரம்ரன் நகரிலிருந்து ஒரு தாய்
2024 ஒக்ரோபர் 19, மாலை 6.10

என்னுடைய மகளுக்குப் பதினான்கு வயது. ஒரு வருடமாக ஐஸ் ஹொக்கி விளையாடும் பையன்களைப் பற்றிய காதல் நாவல்களைத் தவிர வேறு எதையும் அவள் கையால் தொடுவதில்லை. சென்ற வாரம் ஒன்றை எடுத்து நானும் வாசித்தேன். முக்கியமான ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் நாயகனுக்கு மூச்சு முட்டுகிறது. நாயகி ஓடிவந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து நான்கு வரை எண்ணச் சொல்கிறாள். அடுத்த பக்கத்தில் அவன் ஐஸில் இறங்கி வெற்றி கோலை அடித்துவிடுகிறான். முந்தாநாள் இரவு குளியலறைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. உள்ளே என் மகள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தப் புத்தகங்கள்தான் அவளுக்கு இதைப் பழக்குகின்றனவா? இவற்றைப் பறித்து வைத்துவிடலாமா?

பதில்: இன்னொரு தாய்
2024 ஒக்ரோபர் 19, இரவு 10.45

பறிக்க வேண்டாம். இன்றிரவே போய்ப் பறித்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை முதலில் எழுதுகிறேன்.

என்னுடைய மகளுக்கு இப்போது பதினேழு வயது. ஸ்காபரோவில் ஒரு பெண்கள் அணியில் கோல்காப்பாளராக விளையாடியவள். 2023 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பிள்ளை சறுக்கி விழுந்துகொண்டே வந்ததில், அந்தப் பிள்ளையின் முழங்கால் இவளுடைய முகக்கவசத்தில் மோதியது. அவளுடைய அணி விளையாடிய பெண்கள் ஹொக்கியில் உடலால் மோதுவதற்கு அனுமதி இல்லையென்றாலும் சறுக்கி வருகிறவரை யாரால் நிறுத்த முடியும்? மூளையதிர்ச்சி என்றார்கள். எழுத்தைப் பார்த்தால் தலை இடித்ததால் அவளால் வாசிக்க முடியவில்லை. பொது நூலகத்தின் செயலியில் ஒலிப்புத்தகங்களை இறக்கி, சத்தத்தை மிகவும் குறைத்துக் கேட்கத் தொடங்கினாள். எல்லாம் நீங்கள் சொல்லும் வகைக் கதைகள்தான். எனக்கு அந்தக் கதைகள் மேல் கோபம் இருந்தது. தலையில் அடிபட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு ஏன் இந்தக் காதல் என்று நினைத்தேன்.

ஒரு நாள் இரவு அவள் என்னிடம் சொன்னாள்: “அம்மா, இந்தக் கதையில அந்தப் பெடியனுக்கு வாறது எனக்கும் வருது.”

அதற்கு முன் இரண்டு வாரமாக அவளுக்கு நெஞ்சு இறுகுவதும், கை மரத்துப்போவதும், இனி மூச்சே வராது என்று தோன்றுவதும் நடந்துகொண்டிருந்தன. கேட்ட போதெல்லாம் “ஒன்றுமில்லை” என்றே சொன்னாள். சொல்ல வாய் இல்லாததால் அல்ல, சொல் இல்லாததால். ‘பீதித் தாக்கம்’ என்ற அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான் அல்ல, அவளுடைய மருத்துவரும் அல்ல. நான் கோபப்பட்ட அந்தக் கதை.

ஆகவே, சகோதரி, உங்கள் மகள் எண்ணுகிறாள் என்றால், எண்ணுவதற்கு முன்பே ஏதோ இருந்திருக்கிறது. புத்தகத்தை மறந்துவிட்டு அந்த ஏதோவைப் பற்றிக் கேளுங்கள்.

2024 ஒக்ரோபர் 20, காலை 11.20

இரவு எழுதியதைத் திரும்ப வாசித்தேன். புத்தகத்தின் பக்கமாக அதிகம் சாய்ந்துவிட்டேன். உங்களுக்கு உறுத்தியது எனக்கும் உறுத்துகிறது. அதை மறைத்து எழுதியது சரியில்லை.

என்னுடைய குறை இதுதான். இந்த நாவல்களில் நாயகனுக்கோ நாயகிக்கோ அடி விழுகிறது, அல்லது மனம் உடைகிறது. அழுகை, மருத்துவமனை, கட்டிலருகே காதல் சொல்லல் எல்லாம் வருகின்றன. பிறகு ஒரு வெற்றுப் பக்கம். அடுத்த அத்தியாயத்தின் தலையில் சாய்ந்த எழுத்தில் ‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’ என்று இருக்கும். அவன் மீண்டும் ஐஸில் நிற்கிறான். என் மகளோடு சேர்ந்து நான் கேட்ட கதைகளில் இது திரும்பத் திரும்ப வந்தது. ஒலிப்புத்தகத்தில் அந்த இடத்தைக் கடக்க இரண்டு வினாடி போதும்.

நாங்கள் வாழ்ந்தது அந்த இரண்டு வினாடிக்குள் இருக்கும் மூன்று மாதங்களை. அங்கே என்ன நடக்கிறது என்று ஒருவராவது எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018இல் நிறைவேறிய ரோவன் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒட்டாவாவில் பள்ளி ரக்பி அணியின் தலைவியாக இருந்த ரோவன் ஸ்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பெண், முந்தைய அடி ஆறுவதற்குள் மீண்டும் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தாள். அவளுடைய பெயரில்தான் அந்தச் சட்டம். விளையாட்டுப் பருவம் தொடங்குவதற்கு முன் மூளையதிர்ச்சி பற்றிய விளக்கத்தை வாசித்ததாக விளையாடும் பிள்ளையும் பெற்றோரும் உறுதிப்படுத்த வேண்டும். நான் ஒவ்வொரு வருடமும் அந்தக் கட்டத்தில் வாசிக்காமலே சரி அடையாளம் போட்டிருக்கிறேன். இதை இங்கே சொல்லும்போதும் நெஞ்சு கனக்கிறது.

அடிபட்ட பிறகுதான் வாசித்தேன். முதலில் முழுமையாகப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும்; அதன் பிறகே முழு ஆட்டத்துக்கு. விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள் உண்டு. ஒரு படியில் தலையிடியோ தலைச்சுற்றோ கூடினால் நிறுத்தி, முந்தைய படிக்கு இறங்க வேண்டும். என் மகள் மூன்றாம் படிக்கு நான்கு முறை ஏறி நான்கு முறையும் இறங்கினாள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவளுடைய தோழிகளின் குழு அரட்டையில் ஆட்டங்களின் படங்கள் வந்துகொண்டிருந்தன. மார்ச் மாதத்தில் அவள் அந்தக் குழுவின் ஒலியை நிறுத்திவைத்தாள். ஏப்ரலில் குழுவை விட்டே வெளியேறினாள்.

எங்கள் வீட்டின் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் அவளுடைய கால்காப்புகள் காயப்போட்டபடி இருந்தன. கோல்காப்பாளரின் கால்காப்பு ஒவ்வொன்றும் ஒரு சிறு பிள்ளையின் உயரம் இருக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து அதற்கென்று ஒரு மணம் ஏறிவிடும். ஓர் இரவு உடுப்புத் துவைக்கக் கீழே இறங்கிய நான், அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்காப்பின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதையும், கழற்றி முடித்ததும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டுவதையும் கண்டேன். காலில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான். நான் படியிலேயே நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல், “நான் விளையாடாவிட்டால் நான் ஆர்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’ என்று ஒரு வரி போதாது.

2024 ஒக்ரோபர் 20, இரவு 9.00

ஒரு திருத்தம். மேலே சொல்லாமல் விட்ட ஒன்றை யாரும் என்னைப் பார்த்துப் பின்பற்றிவிடக் கூடாது. முதல் பத்து நாள் நான் அவளுடைய அறையின் திரைச்சீலைகளை மூடி, கைப்பேசியைப் பறித்து, இருட்டில் படுக்க வைத்தேன். எங்களுக்குக் கிடைத்த முதல் அறிவுரையும் அப்படித்தான் இருந்தது. இப்போதைய வழிகாட்டல் வேறு. 2022இல் அம்ஸ்ரடாமில் கூடிய வல்லுநர்கள் 2023இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, முதல் ஓரிரு நாட்கள் அளவான ஓய்வு, திரை பார்ப்பதைக் குறைத்தல், அதன்பின் நடப்பது போன்ற இலேசான அசைவு என்று சொல்கிறது. முழு இருட்டு அறையில் நாட்கணக்காக அடைத்து வைப்பது குணத்தை விரைவாக்குவதில்லை. என் மகளின் நெஞ்சு இறுக்கம் அந்தப் பத்து நாட்களில்தான் தொடங்கியது. ஒரு பிள்ளையை நண்பர்களிடமிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் பிரித்து, “ஓய்வெடு” என்று கதவை மூடியவள் நான்.

2024 ஒக்ரோபர் 23, இரவு 8.30

பதினான்கு வயதுக்கு எந்தப் புத்தகம் சரி என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நேரான விடை தருவதற்கு முன் அட்டைகளைப் பற்றிப் பேச வேண்டும். நம்மில் பலரும் அட்டையைப் பார்த்தே ஏமாறுகிறோம்.

2022இல் ‘ஐஸ்பிரேக்கர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு ஹொக்கிக் காதல் நாவல்கள் வெளிவந்தன. ஒன்று ஏ. எல். கிராசியாடேய் எழுதியது. பதின்ம வயதினருக்காகப் பதிப்பிக்கப்பட்டது. தேசிய லீக் எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்குக்குப் புதிய வீரர்களை எடுக்கும் தெரிவில் முதலிடம் பெறுவான் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் ஒரு கல்லூரி முதலாண்டு மாணவன் மனச்சோர்வோடு வாழ்வதைச் சொல்வது; அவனுடைய காதல் இன்னொரு பையனோடு. மற்றது ஹன்னா கிரேஸ் எழுதியது. ஐஸ் சறுக்கு நடனம் ஆடும் பெண்ணும் ஹொக்கி அணித் தலைவனும். அது வயது வந்தோருக்கானது. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவு மறைவில்லாமல் வரும். ஆனால் அதன் அட்டையில் இருப்பது சிறுவர் சித்திரம் போன்ற இளம் வண்ண ஓவியம். ரிக்ரொக்கில் அந்த அட்டை சுற்றிய வேகத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் கைக்கும் அது போனது. பெயரைக் கேட்டுவிட்டு நல்ல புத்தகமாம் என்று தாயே வாங்கிக் கொடுத்த வீடும் எனக்குத் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான பாத்திரங்களைக் கொண்ட கதைகளுக்கு ‘நியூ அடல்ட்’ என்ற பெயரை ஓர் அமெரிக்கப் பதிப்பகம் 2009இல் நடத்திய போட்டியொன்றின் வழியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கடையில் அதற்கென்று தனி அலுமாரி பெரும்பாலும் இருப்பதில்லை. பதின்ம வயது நூல்களுக்குப் பக்கத்திலோ, பெரியவர்களின் காதல் நூல்களுக்கு நடுவிலோ, கடைக்காரரின் கைக்கு வந்தபடி இருக்கும்.

பின் அட்டையில் வயதைத் தேடுங்கள். முதல் இரண்டு பக்கங்களில் உள்ளடக்க எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை ஆசிரியர்கள் பலர் அதை நேர்மையாகவே அச்சிடுகிறார்கள். பிறகு நடுவில் ஒரு அத்தியாயத்தை வாசியுங்கள். தொடக்கம் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுபோல்தான் இருக்கும்.

2024 ஒக்ரோபர் 26, பிற்பகல் 3.15

அந்த மூன்று மாதத்தைத் தாண்டிக் குதிக்காத கதை ஏதும் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அலிஸ் ஓஸ்மன் 2016இல் இணையத்தில் வரையத் தொடங்கிய ‘ஹார்ட்ஸ்டொப்பர்’ என்ற சித்திரக்கதை. இங்கிலாந்தின் ஒரு பள்ளியில் ரக்பி விளையாடும் நிக், அவனுடைய காதலன் சார்லி. நெற்ஃபிளிக்ஸ் 2022இல் தொடராக எடுத்ததால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். நம்மவர் பலர் இது இரு பையன்களின் காதல் என்றதுமே மூடி வைத்துவிடுவார்கள். அவர்களிடம் நான் வாதாட வரவில்லை. நான்காம் பாகத்தை மட்டும் பொறுமையாகப் பாருங்கள் என்று கேட்பேன்.

சார்லிக்கு உணவுக் கோளாறு. நிக் அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் நிக்கின் அன்பால் சார்லி குணமாவதில்லை. தன்னால் இதைச் சரிசெய்ய முடியாது என்பதை நிக் உணர்வதும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற இடத்துக்கு இருவரும் வருவதும், சார்லி மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதும் கதைக்குள்ளேயே வருகின்றன. அந்த வாரங்கள் ஒரு வெற்றுப் பக்கத்தால் மறைக்கப்படவில்லை. வெளியே வந்த பிறகும் அவனுக்கு நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகின்றன.

அதை முடித்த பிறகு என் மகள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். நிக் செய்த பெரிய வேலை கட்டிப்பிடித்தது அல்ல, தன் தாயிடம் போய்ச் சொன்னதுதான் என்றாள்.

2024 ஒக்ரோபர் 27, காலை 7.50

மொழியைப் பற்றி ஒன்று. நேற்று அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரைத் தேற்றும்போது “யோசிக்காதை” என்போம். கவலைப்படாதே என்ற பொருளில்தான் சொல்கிறோம். மகளுக்கு அடிபட்ட அந்த மாதங்களில் என் அம்மா அவளுடைய தலையைத் தடவி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது “யோசிக்காதை பிள்ளை” என்று சொன்னார். இங்கே பிறந்து வளர்ந்த அவளுக்கு அது ‘சிந்திக்காதே’ என்று கேட்டிருக்கிறது. சிந்திக்காமல் இருப்பதற்கு அவள் உண்மையிலேயே முயன்றிருக்கிறாள். முடியவில்லை என்றதும் அதுவும் தன் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வருடம் கழித்து அவள் இதைச் சொன்னபோது அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அதே பேச்சில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. நமக்கு நோய் என்றாலும் வருத்தம், துயரம் என்றாலும் வருத்தம். “அவளுக்கு வருத்தம்” என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம், மனம் நொந்ததாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை வைத்துத்தான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். தலையில் வருத்தம், அதனால் மனத்திலும் வருத்தம், இரண்டுக்கும் மருத்துவர் இருக்கிறார் என்றேன். அன்றிலிருந்து உளவளத்துணையாளரிடம் போகும் நாட்களில் அம்மா, பல் வைத்தியரிடம் அனுப்புவதைப் போல, சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து வாசல் வரை வந்து அனுப்பினார்.

2024 நவம்பர் 2, இரவு 11.05

சறுக்கு நடனம் ஆடும் பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுதிக் கேட்ட இன்னொரு தாய்க்கு இது. ஹொக்கியிலிருந்து சற்று விலகிப் போகிறேன். ஆனால் ஹொக்கி வீரனும் சறுக்கு வீராங்கனையும் காதலிப்பது இந்த நாவல்களின் நிலையான இணை என்பதால் இங்கேயே எழுதலாம்.

இந்தக் கதைகளில் சறுக்கு வீராங்கனை சாப்பாட்டை அளந்து சாப்பிடுவாள். நாயகன் அதைக் கவனித்து, பின்னிரவில் அவளை உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் பான்கேக்கும் சிரப்பும் வாங்கித் தருவான். அவள் சாப்பிடுவாள், சிரிப்பாள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

என் தங்கையின் மகள், என்னுடைய பெறாமகள், ஏழு வயதிலிருந்து சறுக்கியவள். பதினைந்து வயதில் அவளுக்கு ஐந்து மாதம் மாதவிடாய் வரவில்லை. கடும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு அது சகஜம் என்று அவளைச் சுற்றியிருந்த பெரியவர்களே சொன்னார்கள். தொந்தரவு இல்லாமல் போட்டிக்குப் போகலாம் என்று தங்கைகூட நிம்மதிப்பட்டாள். பிறகு காலெலும்பில் மெல்லிய வெடிப்பு வந்தபோதுதான் மருத்துவர் முதல் கேள்வியாக மாதவிடாயைப் பற்றிக் கேட்டார்.

செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு உள்ளே போகாவிட்டால் உடல் ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும், எலும்பு தேயும், மனநிலை சரியும். 1990களில் இதைப் பெண் விளையாட்டாளர்களின் முக்கூட்டுக் கோளாறு என்று அழைத்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விரித்து, விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டுச் சக்திக் குறைபாடு என்று பெயரிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. விளையாடும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றால் அது சகஜம் அல்ல. குடும்ப மருத்துவரிடம் போங்கள். தாய்மார் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் விரித்து எழுதினேன்.

பான்கேக் வாங்கிக் கொடுக்கும் பையனை நான் வெறுக்கவில்லை. கவனித்தானே! ஐந்து மாதமாக எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் அடுத்த நாள் காலையில் அவளை ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவதாக யாராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும்.

2024 நவம்பர் 9, மாலை 5.40

உங்கள் முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். மணிக்கட்டைப் பிடித்து எண்ணும் காட்சி.

அன்று நான் அந்தக் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன். எண்ணுவதில் பிழை இல்லை. மூச்சை எண்ணி எண்ணி மெதுவாக்குவதை உளவளத்துணையாளர் என் மகளுக்கும் கற்பித்தார். பிழை அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பையன் உடனே இறங்கி கோல் அடிக்கும் பக்கத்தில்.

உண்மையான ஒரு கோல்காப்பாளரைப் பற்றிச் சொல்கிறேன். ரொபின் லெனர், சுவீடனைச் சேர்ந்தவர், தேசிய லீக்கில் விளையாடியவர். 2018 மார்ச் மாதத்தில் ஆட்டத்தின் நடுவே அவருக்குப் பீதித் தாக்கம் வந்தது. அந்த ஆட்டத்தில் அவர் மீண்டும் ஐஸில் இறங்கவில்லை. வீட்டுக்குப் போனார், பிறகு சிகிச்சை நிலையத்துக்குப் போனார். மதுவுக்கும் மருந்துகளுக்கும் அடிமையாக இருந்ததையும், தனக்கு இருமுனைக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்டதையும் அதே வருடம் செப்ரெம்பரில் தானே எழுதி வெளியிட்டார். அடுத்த பருவத்தில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணிக்காக விளையாடி, விடாமுயற்சிக்கான மாஸ்ரர்ட்டன் விருதை 2019இல் பெற்றார். இவருடைய வாழ்க்கையிலும் இருண்ட உடைமாற்றும் அறை இருக்கிறது, கைதட்டும் அரங்கும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சிகிச்சை இருந்தது. என் மகளுக்கு இவரைப் பற்றி நான் சொன்னபோது அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது விருது அல்ல. ஆட்டத்தின் நடுவில் வெளியேறலாம், வெளியேறினாலும் கோல்காப்பாளராகவே இருக்கலாம் என்பதுதான்.

இன்னொரு யோசனையும் வந்து என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கதைகளில் மணிக்கட்டைப் பிடிப்பது எப்போதும் பெண்பிள்ளைதான். பையனின் பயம், தந்தையின் அடி, இறந்த அண்ணனின் நினைவு எல்லாம் அவளுடைய கையில் வந்து விழும். அவன் வேறு எவரிடமும் சொல்லமாட்டான். நீ மட்டும்தான் என்பான். அதுதான் காதலின் உச்சம் என்று கதை காட்டுகிறது. என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் அவளுடைய காதலன், நீ பிரிந்து போனால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தான். ஆறு வாரம் அந்தப் பிள்ளை கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தாள். பதினாறு வயது. கடைசியில் என் மகளிடம் சொன்னாள், என் மகள் என்னிடம் சொன்னாள், நான் அவளுடைய தாயை அழைத்தேன், அந்தத் தாய் பையனின் வீட்டுக்குப் போனார். பையனுக்கு உதவி கிடைத்தது. சத்தியத்தை உடைத்ததற்காக அந்தப் பிள்ளை இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. உடைக்காமல் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த நாவலும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

புத்தகத்தில் படுக்கையறைக் காட்சி இருக்கிறதா என்று நாம் தேடித் தேடிப் பார்க்கிறோம், நானும் பார்த்தேன். இந்த ‘நீ மட்டும்தான்’ வந்தால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். உங்கள் மகளுக்கு இந்த எண்களையும் இப்போதே கொடுத்து வையுங்கள்: கனடாவில் தற்கொலை எண்ணம் தொடர்பான உதவிக்கு 9-8-8, 2023 நவம்பர் 30 முதல் இயங்குகிறது, அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். கிட்ஸ் ஹெல்ப் ஃபோனுக்கு 1-800-668-6868. தனக்காக மட்டும் அல்லாமல், நண்பருக்காகப் பயந்தாலும் அழைக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

2024 நவம்பர் 10, காலை 9.30

மேலே எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தோழியைப் பற்றிய பகுதியில் அடையாளம் தெரியக்கூடிய இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். தோழி இப்போது நன்றாக இருக்கிறாள் என்று எழுதச் சொன்னாள். ‘இன்னும் தன்னை மன்னிக்கவில்லை’ என்பது பழைய கதையாம். அதையும் திருத்திக்கொள்கிறேன்.

அவளுக்கு என்மேல் ஒரு மனக்குறையும் இருக்கிறது. நாவல்களில் பெண்கள் பார்வையாளர் வரிசையில் பையனின் பெயர் எழுதிய மேற்சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தான் எத்தனை தடவை சொல்லியும் அதை நான் எழுதவில்லை என்கிறாள். உண்மைதான். அவள் தேடியது தன்னைப்போல் வலைக்கு முன் நிற்கும் ஒரு பெண்ணை. 2024 ஜனவரி 1ஆம் திகதி பெண்களுக்கான தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம் ரொறன்ரோவில் நடந்தபோது வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். ரொறன்ரோ நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. நான் சோர்ந்துபோனேன். அவளோ நியூயோர்க்கின் கோல்காப்பாளர் ஒரு கோலும் விடாமல் நின்றதை இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிபட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு ஹொக்கியைப் பற்றி அவள் வாய் ஓயாமல் பேசியது அன்றுதான்.

2024 நவம்பர் 24, இரவு 10.15

உங்கள் செய்தியை இப்போதுதான் பார்த்தேன். மகளிடம் கேட்டீர்கள் என்பதும், பள்ளியில் நீச்சல் அணித் தெரிவு தொடங்கியதிலிருந்தே அவளுக்கு இப்படி வருகிறது என்று அவள் சொன்னதும், குடும்ப மருத்துவரிடம் நாள் எடுத்துவிட்டீர்கள் என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல். மருத்துவரிடம் போகும்போது எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். சிறிது நேரம் மகளைத் தனியே மருத்துவரோடு பேச விடுங்கள், நீங்கள் வெளியே இருங்கள். என் மகள் முதல் தடவை வாய் திறந்தது நான் அறையை விட்டு எழுந்து போன பிறகுதான்.

என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். போட்டி ஆட்டத்துக்கு அவள் திரும்பவில்லை. செப்ரெம்பரிலிருந்து சனிக்கிழமை காலைகளில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கோல்காக்கப் பழக்கும் பயிற்றுநருக்கு உதவியாகப் போகிறாள். சிறு பிள்ளைகளால் குனிந்து பூட்ட முடியாது என்பதால், முழங்காலில் நின்று அவர்களுடைய கால்காப்பு வார்களைப் பூட்டிவிடுவது இவளுடைய வேலை. சில சனிக்கிழமைகளில் நெஞ்சு இறுகும். அன்று போவதில்லை.

அந்தப் புத்தகத்தை உங்கள் மகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கூடவே வாசியுங்கள். வெற்றுப் பக்கம் வரும் இடத்தில் நிறுத்தி, நடுவில் அவனுக்கு என்ன நடந்திருக்கும், யார் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், எத்தனை ஆட்டம் தவறியிருக்கும் என்று அவளிடம் கேளுங்கள். என் மகள் ஒரு தடவை அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னாள். உங்கள் மகள் இப்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று எழுதுங்கள்.